திரும்பி வராத சிமிழ்கள்

முன்னொரு காலத்திலே கொன்றைநாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. காலையில் எழுந்ததும் அவன் மனசில் எது தோன்றுகிறதோ, அதுதான் அன்றைக்குச் சட்டம். ஒரு மாசம் ஊரே பச்சை உடுத்தவேண்டும் என்பான். அடுத்த மாசம் பச்சை உடுத்தியவனைப் பிடித்துக் கொட்டடியில் போடு என்பான்.

அந்த வருஷம் ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. அரண்மனை வைத்தியர் மார்த்தாண்ட பண்டிதருக்கோ காய்ச்சலைவிடப் பெரிய கவலை ஒன்று. அண்டை நாட்டு வைத்தியன் எவனாவது முந்திக்கொண்டு ராஜாவிடம் பெயர் வாங்கிவிடுவானோ என்று வயிறெரிந்தார். எட்டிக்கொட்டையில் ஒரு சூரணம் செய்தார். எட்டி மருந்துக்கு உதவும், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது விஷம். ஏழு நாள் ஊறப்போட்டு, பாலில் வேகவைத்து, தோலையும் முளையையும் நீக்கிவிட்டுத்தான் தொடவேண்டும். இந்த மனுஷன் ஒரே நாள் ஊறவைத்து இடித்துவிட்டார். அவசரமாம், அவசரம்!

குயவர் தெருவில் உலகாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் முந்நூறு மண்சிமிழ் செய்யச்சொல்லி வாங்கி, சூரணத்தை அடைத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார் பண்டிதர். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குணமானவர்கள் சிமிழைக் கழுவி, மஞ்சள்நூல் சுற்றி, வெற்றிலை பாக்கோடு வைத்தியரிடம் திருப்பிக் கொடுப்பார்கள்.

உலகாயியின் புருஷன் சடையனுக்கும் காய்ச்சல். இரண்டாம் வேளைச் சூரணம் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, போய்ச் சேர்ந்துவிட்டான். அலறிக்கொண்டு பண்டிதரிடம் ஓடினாள். அவர் ஊஞ்சலை விட்டுக்கூட இறங்கவில்லை. பத்தியம் மீறியிருப்பான், ஆக்கிப்போட்டவள் நீதானே என்று ஊருக்கே கேட்கும்படி சத்தம்போட்டு அனுப்பிவிட்டார். சடையன் வாயில் விழுந்ததெல்லாம் இவள் வைத்த உப்பில்லாக் கஞ்சி மட்டும்தான். அடப்பாவி, கொன்றதும் கொன்றுவிட்டு, பழியைக் கஞ்சி காய்ச்சியவள் தலையிலா போடுவது? அங்கேயே அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

இதற்குள் பண்டிதர் சபைக்குக் கொண்டுவந்து காட்டிய மஞ்சள்நூல் சிமிழ்கள் மலையாகக் குவிந்தன. ராஜா பூரித்துப்போய்ப் பண்டிதருக்குப் பட்டம் தருவதாகச் சொன்னான். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பௌர்ணமியன்று உச்சிவேளையில் ஊரில் எல்லோரும் சூரணம் சாப்பிடவேண்டும், மறுத்தால் கசையடி என்று தண்டோரா போட்டாகிவிட்டது. உலகாயிக்கு மிச்சமிருந்தது ஒரே மகள். அவளுக்கும் அல்லவா வாயைத் திறந்து ஊற்றுவார்கள்? பௌர்ணமிக்கு நாலு நாள்தான் இருந்தது.

அந்த நாலு நாளும் அவள் சக்கரத்தைத் தொடவில்லை. தெருத்தெருவாக அலைந்தாள். பௌர்ணமியன்று காலையில் இரண்டு வண்டியோடு அரண்மனைக்குப் போனாள். முதல் வண்டி நிறையப் பானைகள். அவற்றைச் சபையில் இறக்கிவிட்டு, பண்டிதருக்குக் கொடுக்கப்போகிற பட்டத்தைத் தனக்கும் தரவேண்டும் என்றாள். தன் சூளையில் இதுவரை ஒரு பானைகூட வெடித்ததில்லை, வேண்டுமானால் தட்டிப் பார்க்கட்டும் என்றாள்.

ராஜா நாலைந்து பானையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துவந்தால் வெடித்தது எப்படித் தெரியும்? உன் சூளைக்குப் பின்னால் உடைந்த ஓட்டுக்குவியல் இருக்குமே, அதைக் காட்டு."

"என் ஓட்டுக்குவியலைக் கேட்கத் தெரிந்த மகாராஜா, பண்டிதருடையதைக் கேட்கவில்லையே" என்றாள் உலகாயி.

இரண்டாவது வண்டி உள்ளே வந்தது. அதிலும் சிமிழ்கள்தான், ஆனால் ஒன்றிலும் மஞ்சள்நூல் இல்லை. "முந்நூறும் என் கையால் வனைந்தது சாமி. இருநூற்றுப் பத்து உங்களிடம் திரும்பி வந்தது. மிச்சத்தைத் தேடி வீடுவீடாகப் போனேன். சோம்பேறித்தனத்தில் கொடுக்காதவர்களை விட்டுவிட்டேன். காய்ச்சல் முற்றிச் செத்தவர்களையும் சேர்க்கவில்லை. இந்த நாற்பத்தொன்றும் தாடை இறுகிச் செத்தவர்கள் வீட்டுச் சிமிழ். செத்தவன் எப்படி வெற்றிலை பாக்கோடு வருவான்?"

பண்டிதர் துள்ளி எழுந்தார். நாற்பத்தொரு பேரும் பத்தியம் மீறியவர்கள் என்றார். ஒருத்தர் விடாமல்! அப்படியானால் பத்தியம் தெரிந்த பண்டிதரே முதல் வேளையைச் சாப்பிட்டுக் காட்டட்டும் என்று ராஜா சூரணத்தை நீட்டினான். பண்டிதர் இரண்டடி பின்வாங்கினார். தனக்குக் காய்ச்சல் இல்லையே, நோயில்லாத உடம்புக்கு மருந்து ஆகாதே என்று இழுத்தார்.

"காய்ச்சல் இல்லாத என் மகளுக்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டாள் உலகாயி.

பண்டிதர் சூரணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரே நாள்தான் ஊறவைத்தேன் என்று ஒப்புக்கொண்டார். ராஜா தண்டோராவை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினான். சிமிழ் மலையைப் பார்த்து மயங்கிய தன் புத்தியை நினைத்து அவனுக்கே கூசியது. பண்டிதரின் தலையை வாங்கிவிடுகிறேன், உனக்குப் பட்டமும் தருகிறேன் என்றான்.

இரண்டும் வேண்டாம் என்றாள் அவள். இனி எந்த மருந்தைச் சபைக்குக் கொண்டுவந்தாலும் திரும்பிய சிமிழையும் திரும்பாத சிமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். பண்டிதர் அந்த நாற்பத்தொரு சிமிழையும் தலையில் சுமந்து, அந்தந்த வீட்டு வாசலில் நின்று, உங்கள் பத்தியத்தில் குறையில்லை, குறை என் மருந்தில் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். ராஜா அப்படியே உத்தரவு போட்டான்.

பண்டிதர் முதலில் வந்தது குயவர் தெருவுக்கு. கூடையை இறக்கி, சடையனின் சிமிழைக் கையில் எடுத்து, தலையைக் குனிந்தபடி முணுமுணுத்தார்.

"எனக்குக் கேட்டது, தெருவுக்குக் கேட்கவில்லை. பழி சொன்னபோது ஊருக்கே கேட்கச் சொன்னீரே, அந்தக் குரலில் சொல்லும்" என்றாள் உலகாயி.

சொன்னார். கூடையில் இன்னும் நாற்பது சிமிழ் இருந்தது.