சாத்துக்குடிக்காக ஆறவைத்த ஆள்

ஒத்தப்பனங்காட்டுக் கயிறு இழுப்புக் குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே புத்தி. இந்தக் கதை நடந்த வாரம் அதுவும் ஊரில் இல்லை.

மூன்று வருஷமாகப் பந்தயக் கிடாயை மேலக்கரைக்காரர்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்த வருஷமும் விட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. போட்டிக்கு நாலே நாள். அப்போது பார்த்து, கடைசி ஆளாக நின்று கயிற்றைத் தாங்கும் பூலுடையாருக்கு ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் சோர்வு.

அவருடைய மச்சினன்மார் சங்கிலியும் அவன் தம்பி வண்ணமுத்துவும் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

"வைட்டமின் சி பத்தலை. தினமும் ரெண்டு சாத்துக்குடி உரிச்சுக் குடுங்க. பழத்துல சூடு மட்டும் படக்கூடாது. சத்து போயிரும்" என்றார் டாக்டர்.

இரண்டு பழத்தையும் குடைக்கடியில் கொண்டுவந்தார்கள். பூலுடையார் வெயிலில் நடந்து வந்தார்.

வீட்டில் சங்கிலி உரிக்கப் போனான். வண்ணமுத்து கையைப் பிடித்தான்.

"அண்ணே, அத்தான் வாய்க்குள்ள விரலை விட்டுப் பாரு."

பார்த்தான். "சூடா இருக்குலே."

"வயிறு?"

"அது இன்னும் உள்ள இருக்கு. அடுப்பாத்தான் இருக்கும்."

எட்டுப் பேரும் கூடி யோசித்தார்கள். பழத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஆளைத்தான் ஆறவைக்க வேண்டும் என்று முடிவானது. பூலுடையாரும் கை தூக்கினார்.

குளத்தில் கழுத்தளவு இறக்கிவிட்டு, மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். மறுநாள் காய்ச்சல் அனலாய் அடித்தது.

"எம்புட்டுச் சூட்டை உள்ள ஒளிச்சு வச்சிருந்திருக்காரு, பாத்தியாலே. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்றான் சங்கிலி.

"பல்லு கிட்டுது மாப்ளே" என்றார் பூலுடையார்.

"ஈறு இறுகுதுன்னு அர்த்தம், அத்தான்."

போட்டி அதே குளத்தங்கரையில்தான். அன்றைக்கும் அவர் தண்ணீரில்தான் இருந்தார். கயிற்று நுனியைக் குளத்துக்குள் விட்டு இடுப்பில் கட்டினார்கள்.

"ஆளு ஏன்யா குளத்துல நிக்கான்?" என்றார் நடுவர்.

"நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா? காட்டும்" என்று மல்லுக்கு நின்றான் சங்கிலி. எழுதியிருக்கவில்லை.

நடுவர் விசில் ஊதினார். மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் கயிறு ஒத்தப்பனங்காட்டுப் பக்கம் நகர்ந்தது. இன்னும் ஒரு முழம் இழுத்தால் கிடா அவர்களுக்கு. அத்தானுக்கு முன்னால் நின்ற வண்ணமுத்து, தொட்டுப் பார்க்கும் நேரம் ஆகிவிட்டதே என்று, ஒரு கையைப் பின்னால் நீட்டி நெற்றியைத் தொட்டான்.

"அண்ணே, ஜில்லுன்னு ஆயிட்டாரு."

ஏழு பேரும் கயிற்றை விட்டுவிட்டுப் பழத்துக்கு ஓடினார்கள்.

மேலக்கரைக்காரர்கள் இழுத்த இழுப்பில் பூலுடையார் குளத்தை விட்டுக் கரையேறி, சரளைக்கல்லில் மல்லாக்கத் தேய்ந்துகொண்டே போனார். ஏழு பேரும் கூடவே ஓடி ஓடி உரித்து, அவர் கோட்டைத் தாண்டுவதற்குள் ஒரு சுளையை வாயில் வைத்துவிட்டார்கள். கிடா மேலக்கரைக்குப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

வண்ணமுத்து குனிந்து அத்தான் முதுகைத் தொட்டான். கையை உதறிக்கொண்டான்.

"தேஞ்சு தேஞ்சு முதுகு கொதிக்குதுண்ணே. துப்பச் சொல்லு, சீக்கிரம் துப்பச் சொல்லு. சத்து போயிரும்."