காலியிடமே இல்லாத மணல்மேடு

முன்னொரு காலத்தில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவைத் திரைமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ, அவர் பேச்சுதான் அவருக்குச் சரியென்று படும்.

தீவில் குடிகள் பெருகின. வடக்கே தாழம்புதரும் நாரைக் கூடுமாக ஒரு மணல்மேடு. மந்திரி அரியநாயகத்துக்கு வெகுநாளாக அதன்மேல் ஒரு கண்.

"மன்னா, இடம் வீணாகக் கிடக்கிறது. மாளிகைகள் எழுப்பலாம்" என்றார்.

அரசவை விகடகவி சடையாண்டி எழுந்தான். "அரசே, அந்த மணலில் இறங்கும் மழைதான் ஊர்க் கிணற்றில் நல்ல தண்ணீராக ஊறுகிறது. மேட்டை மூடினால் குடிக்க உப்புத்தண்ணீர்தான்."

ராஜாவுக்குத் தலை சுற்றியது. எது சரி? அதற்குள் மந்திரி, "காலியிடத்தையெல்லாம் நிரப்பும் பொறுப்பை இவனிடமே கொடுங்கள். தவறினால் தலையை வாங்குங்கள்" என்றார். கடைசியாகப் பேசியவர் அவர்தானே. உத்தரவு பிறந்துவிட்டது.

மறுநாள் ராஜா கண் விழித்தார். ஒரே இருட்டு. சன்னலில் வைக்கோல் அடைத்திருந்தது. காலை முரசு ஒலிக்காமல் ராஜா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது அந்தத் தீவின் வழக்கம். முரசோ ஒலிக்கவேயில்லை. விடிந்ததா, இல்லையா? பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கேட்டார். வந்த செம்பு நிறைய மண்.

மந்திரி மூச்சிரைக்க ஓடி வந்தார். "மன்னா, சிம்மாசனத்தில் ஆடு கட்டியிருக்கிறது."

"ஆடா? எதற்கு?"

பின்னாலேயே வந்த சடையாண்டி கைகட்டி நின்றான். "தங்கள் உத்தரவுதான் அரசே. சிம்மாசனம் காலி, ஆட்டைக் கட்டினேன். செம்பு காலி, மண் போட்டேன். முரசுக்குள்ளும் காலி, அதிலும் மண்ணைத் திணித்துவிட்டேன்."

"மணல்மேடு?"

"அங்கேதான் ஒரு சாண்கூடக் காலியிடம் கிடைக்கவில்லை அரசே. புதருக்குள் முயல், கிளையில் நாரை, மணலுக்கடியில் நாம் குடிக்கும் தண்ணீர். எதைக் கிளப்பிவிட்டு எதை வைக்கட்டும்?"

ராஜா கட்டிலில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டு, மணல்மேட்டின் காவலையும் அவனுக்கே கொடுத்தார்.

மந்திரி வாய் திறந்தார். ராஜா சட்டென்று கையை உயர்த்தினார். தம்மைப் பற்றி அவருக்கே தெரியுமே!

"நீர் பேச வேண்டாம். போய் முரசிலுள்ள மண்ணை அள்ளும். நான் கீழே இறங்க வேண்டும்."

முரசு ஒலித்தபோது உச்சிவெயில். அதுவரை ராஜா கட்டிலிலேயே சிரித்துக்கொண்டிருந்தார்.