இருநூறு பொன் குப்பைமேனி

முன்னொரு காலம். மருந்தின் விலையைக் கேட்டால்தான் இருமல் அடங்கும் என்று நம்பிய அரசன் ஒருவன் இருந்தான். அவன் எதை நம்பினானோ அதையே அவனுடைய பிரபுக்களும் நம்பினார்கள். சொந்தமாக ஒன்றை நம்புகிற சிரமம் அவர்களுக்கு வழக்கமில்லை.

அந்த அரண்மனையின் தலைமை வைத்தியர் சர்வக்ஞ பண்டிதர், இமயத்திலிருந்து வந்தது என்று சொல்லி 'ஹிமசஞ்சீவி' என்ற பொடியை வெள்ளிச் சிமிழில் அடைத்து நூறு பொன்னுக்கு விற்றார். அரசன் ஒன்று வாங்கினான். மறுநாள் பிரபுக்கள் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது.

அதோடு நிற்காமல், கடைத்தெருவில் யாரும் பச்சிலை விற்கக்கூடாது என்று அரசனிடம் ஓர் ஆணையும் வாங்கினார் பண்டிதர். மலிவான மருந்து நாட்டுக்கு அவமானமாம்.

இந்த ஆணையால் பிழைப்பு போனவள் சிவனம்மா. ஒரு பிடி தழை ஒரு காசு என்று விற்று வந்தவள். அவள் அரண்மனை விகடகவி வெண்காடனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, வண்ணாரத் தெருவுல பாதிப் பேரு இருமிக்கிட்டுக் கெடக்கறாங்க. தழை குடுத்தா என் கையை வெட்டுவாங்களாம். ஆனா அந்தப் பண்டிதரு ஆளுங்க போன மாசம் வரைக்கும் எங்கிட்டதான் ஆடாதோடையை மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போனாங்க. அதை இடிச்சுத்தானே சிமிழ்ல போடறாரு!"

வெண்காடனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வண்ணாரத் தெருவை நினைத்தான். சிரிப்பு போய்விட்டது.

அன்று மாலை நந்தவனத்தில் அரசன் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னான். அரசனுக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியவர்மேல் அல்ல, ஏமாந்தாய் என்று சொன்னவன்மேல்.

"என் பிரபுக்கள் தழைக்கும் சஞ்சீவிக்கும் வேறுபாடு அறியாதவர்களா? அப்படியானால் லாயத்துக்குப் பின்னால் முளைத்திருக்கும் குப்பைமேனியை அவர்களிடமே இருநூறு பொன்னுக்கு விற்றுக் காட்டு. ஒரு பொய்யும் சொல்லக்கூடாது. பத்து நாள் தவணை. தோற்றால் உன்னைக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்புவேன். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்."

"உத்தரவு அரசே" என்றான் வெண்காடன். வேறு என்ன சொல்ல முடியும்?

லாயத்துக்குப் பின்னால் போய்க் குப்பைமேனியைப் பறித்து உலர்த்தி, இடித்துச் சிமிழ்களில் அடைத்தான். கடைத்தெருவில் பட்டுக் கூடாரம் போட்டு, வாசலில் திரை கட்டி, தான் உள்ளே உட்கார்ந்துகொண்டான். முதல் நாள் விலை ஒரு காசு. பிரபுக்களின் பல்லக்குகள் நிற்காமல் போயின. இரண்டாம் நாள் பத்துப் பொன். ஒருவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்துப் போனார். மூன்றாம் நாள் இருநூறு பொன், ஆளுக்கு ஒரு சிமிழ்தான் என்று எழுதித் தொங்கவிட்டான். வெயில் ஏறுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"இது எங்கே விளைந்தது?" என்று கேட்டார் ஒரு பிரபு.

"வாளேந்திய வீரர்கள் இரவும் பகலும் காவல் நிற்கும் இடத்தில்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல்.

"வளர்த்தது யார்?"

"பெயரைச் சொல்ல மாட்டேன். அரசரையே தாங்குகிறவர். நாள் தவறாமல் அவரே நீர் விட்டார்."

எல்லோரும் முதலமைச்சரைப் பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை. மீசையை நீவிக்கொண்டார்.

"ஏழை எளியவர்கள் கையில் இது கிடைக்குமா?"

"இன்றுவரை ஓர் ஏழைகூட இதை விலை கொடுத்து வாங்கியதில்லை."

அது போதும். ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு வாங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பண்டிதரும் வந்தார். "இது என்ன மூலிகை, பண்டிதரே?" என்று பலர் ஒரே குரலில் கேட்டார்கள். பண்டிதர் முகர்ந்து பார்த்தார். தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை.

"ஆகா! இமயத்தில், பனிப்பாறைக்கு மேலே, இதை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். என் ஹிமசஞ்சீவிக்கு இது தங்கை முறை!" என்றவர் தமக்கும் ஒரு சிமிழ் வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாள் சபை கூடியது. அரசன் ஒன்றும் அறியாதவன்போல் புது மருந்தைப் பற்றி விசாரித்தான். முழங்கால் வலி பறந்தது என்றார் ஒருவர். வழுக்கையில் மயிர் அரும்புகிறது என்று தலையைக் குனிந்து காட்டினார் இன்னொருவர். பூசினால் தேவலோக வாசனை வருகிறது என்றார் முதலமைச்சர். பண்டிதர் மறுபடியும் இமயத்துக்குப் போய் வந்தார்.

அப்போது வெண்காடன் வேரும் மண்ணுமாக ஒரு குப்பைமேனிச் செடியைக் கொண்டுவந்து நடுச் சபையில் வைத்தான். "திரைக்குள் இருந்தவன் அடியேன்தான், அரசே. இதுதான் அந்த மருந்து."

"பொய்யன்! காவல் உள்ள இடம் என்றாயே!" என்று முதலமைச்சர் கத்தினார்.

"லாயத்துக்குக் காவல் இல்லையா, ஐயா?"

"அரசரைத் தாங்குகிறவர் நீர் விட்டார் என்றாயே!"

"பட்டத்துக் குதிரை. நீரை அது எப்படி விட்டது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை."

முதலமைச்சர் சால்வையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அரசன் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சிம்மாசனம் ஆடும்படி சிரித்தான்.

"பண்டிதரே, என் லாயத்துக்குப் பின்னால் இமயம் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே! உம்முடைய ஹிமசஞ்சீவியும் அங்கேதான் விளைகிறதோ?"

பண்டிதர் அன்று மாலையே ஊரை விட்டுப் போனார்.

"உனக்கு என்ன வேண்டும், வெண்காடா?"

"பச்சிலைத் தடையை நீக்குங்கள், அரசே. நான் விற்று வாங்கிய பொன்னில் வண்ணாரத் தெருவுக்கு ஒரு வைத்தியசாலை கட்டுங்கள். பிரபுக்கள் தருமம் செய்ததாகவே கல்லில் வெட்டிவிடலாம், மறுக்க மாட்டார்கள்."

அப்படியே ஆயிற்று. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான்.

சிவனம்மா மறுநாளே கடைத்தெருவில் கூடையை இறக்கினாள். முதலமைச்சர் வீட்டு வேலைக்காரன் வந்து இருமலுக்குத் தழை கேட்டான். அவள் ஒரு காசு என்றாள்.

"ஒரு காசா? எங்க ஐயா தொடக்கூட மாட்டாரே!"

சிவனம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப அஞ்சு பொன்னு குடுத்துட்டுப் போ. உங்க ஐயாவுக்குச் சீக்கிரம் கொணமாகட்டும்."