கதவின் எந்தப் பக்கம்

விசுவாசப் பிரமாணத்தைத் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு வந்த வள்ளிமயில், "உடலின் உயிர்ப்பை" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். முந்தின வாரம் அதைத் தண்ணீராய் ஒப்பித்தவள்தான்.

"மறந்துபோச்சாக்கா?" என்று கேட்டார் சிஸ்டர் செலஸ்தினா.

"மறக்கல சிஸ்டர். சொல்லப் பயமா இருக்கு."

கோயிலை ஒட்டிய சின்ன அறையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். வள்ளிமயில் பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டுகிறவள். சிஸ்டர் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் ஞானஸ்நானத்துக்கு அவளைத் தயார் செய்கிறவர் அவர்தான். வருகிற சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவுப் பூசையில் ஞானஸ்நானம். வெள்ளைச் சேலைகூட எடுத்தாகிவிட்டது.

"எதுக்குப் பயம்?"

"போன பாடத்துல சொன்னீங்களே. ஆண்டவர் உயிர்த்து வந்தப்போ கதவு பூட்டியிருந்துச்சு, பூட்டுன கதவுக்குள்ளயே வந்து நின்னாருன்னு."

"ஆமா."

"அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

சிஸ்டர் விழித்தார். வருஷாவருஷம் நடத்துகிற பாடம் அது. கேட்டவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தூக்கம் கெட்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

"கடைசி நாள்ல எல்லாரும் எழுந்திரிப்போமா சிஸ்டர்?"

"எல்லாரும்."

"எங்க வீட்டுக்காரரும்?"

"அவரும்தான்."

"உடம்போடயா?"

"உடம்போடதான்."

"அப்போ அதே கையும் இருக்கும்."



வள்ளிமயிலின் புருஷன் மாயழகு ஈரல் கெட்டுச் செத்துச் சில வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது, அவன் குடித்துவிட்டு வரும் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அவள் கதவைத் தாழிட்டு, ஆட்டுக்கல் குழவியை உருட்டி வந்து முட்டுக் கொடுப்பாள். அவன் உதைப்பான். பலகை பெயர்ந்து குழவியோடு உள்ளே விழுந்ததும் உண்டு. அவன் செத்த அன்று ஊரோடு சேர்ந்து அவளும் அழுதாள். அழுது முடித்து, கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கத்தையெல்லாம் தூங்கினாள். சொன்னால் காறித் துப்புவார்கள் என்று அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சிஸ்டரிடம் சொன்னாள்.

"அவரு செத்ததுதான் சிஸ்டர் எனக்குக் கெடச்ச ஒரே தாழ்ப்பாள். அதையும் நீங்க தெறந்து விட்டுட்டீங்க."

"அக்கா..."

"மறுபடி குழவிய உருட்டி வைக்கிறேன். பூட்டுக்கே நிக்காதவங்களுக்குக் குழவி எம்மாத்திரம்? தெரியுது. இருந்தாலும் வைக்கிறேன். வைக்கலேன்னா படுக்க முடியல."

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு மோட்சம் வேணாம். செத்தா செத்ததாவே கெடக்கிறேன். அந்த ஒரு வரிய மட்டும் விட்டுட்டு எனக்கு ஞானஸ்நானம் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க அக்கா."

"அப்போ நான் வரல. சேலைய வேற யாருக்காவது குடுத்துருங்க."

வள்ளிமயில் எழுந்தாள். எழும்போதே முந்தானையை வலது மணிக்கட்டின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே மாயழகு காய்ச்சின கரண்டியால் இழுத்த தழும்பு இருந்தது. வளையல் போட்டிருந்த காலத்தில் வளையல் அதை மறைத்தது. மாயழகு செத்த அன்று பெண்கள் கூடி வளையலை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து முந்தானைதான் மறைக்கிறது. சிஸ்டர் பலமுறை பார்த்திருக்கிறார். கேட்டதில்லை.

"போகும்போது ஒரு நிமிஷம் வாசல்ல நில்லுங்க அக்கா," என்றார் இப்போது.

அவள் வெளியே போய் நின்றாள். சிஸ்டர் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் வள்ளிமயில் ஓரடி பின்வாங்கினாள்.

"சிஸ்டர்! எதுக்குப் பூட்டுறீங்க?"

"அன்னைக்குப் பூட்டுன வீட்டுக்குள்ள இருந்தது யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சீடருங்க."

"ஆண்டவரைப் புடிச்சப்போ அவங்க என்ன செஞ்சாங்க?"

"விட்டுட்டு ஓடிட்டாங்க."

"வெளிய இருந்து வந்தது?"

"ஆண்டவர்."

"அடிச்சவரா, அடிபட்டவரா?"



"அடிபட்டவரு."

"நீங்க இப்போ கதவுக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

வள்ளிமயில் கதவைப் பார்த்தாள். பூட்டிய கதவை அவள் எப்போதும் உள்ளேயிருந்துதான் பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கம் தாழ்ப்பாளும் இல்லை, குழவியும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள... எங்க வீட்டுக்காரரா?"

"அவர்னு வச்சுக்குங்க. தாழ் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார்."

"அவருக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?"

"நீங்க வருவீங்கன்னு பயந்துதான்."

இப்படி ஒன்றை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. மாயழகு ஒரு கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. கதவில் கையை வைத்தாள். சுட்டது போல எடுத்துக்கொண்டாள்.

"நான் உள்ள போயித்தான் ஆகணுமா சிஸ்டர்?"

"உங்க இஷ்டம். உங்களை யாரும் இழுக்க மாட்டாங்க. எந்தத் தாழும் உங்களைத் தடுக்காது."

"ஆண்டவரு உள்ள வந்ததும் சமாதானம்னு சொன்னாரு." குரல் உடைந்து வள்ளிமயில் அழுதாள். "எனக்கு அந்த வார்த்தை வராது சிஸ்டர். செத்து எழுந்தாலும் என் வாயில வராது."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு மட்டும் சாத்தியபடியே இருந்தது.

"அப்போ சொல்லாதீங்க அக்கா," என்றார் சிஸ்டர். "முந்தானைய எடுத்துட்டு, கையை மட்டும் காட்டுங்க. ஆண்டவரும் ஆணி அடிச்ச தன் கையைத்தான் காட்டினாரு."