பொன்னுத்துரை என்று தேடினால்

மழை விட்ட மறுநாளே சுடலையாண்டி கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடிவந்துவிட்டார். செருப்பெல்லாம் கரிசல் அப்பியிருந்தது.

அங்கே பாடம் நடத்தும் ரெஜினாவிடம்தான் அவர் வலைப்பூ எழுதக் கற்றார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவள் சொல்லாமல் அவர் உட்காரமாட்டார்.

"டீச்சர், தேடுனா என் எழுத்து முன்னால வரணும். நாலு நாளைக்குள்ள வரணும்."

"அப்படி என்ன அவசரம் அண்ணாச்சி? கல்யாணமா?"

"குருத்து கிளம்பிரும் டீச்சர்."

அறுத்த சோளத்தாள் மழைக்குத் துளிர்க்கும். அந்தக் குருத்து விஷம்; வயிறு முட்டத் தின்ற ஆடு வீடு வந்து சேராது. போன வருஷம் அவர் அதைப் பற்றி எழுதியதை ஒரு பெண் படித்தாள். ஒரு நாள் பிந்திப் படித்தாள். 'பதினோரு உருப்படி போச்சு ஐயா. நேத்தே கண்ணுல பட்டிருந்தா' என்று கீழே எழுதியிருந்தாள். அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே அவர் அந்த வரியை எடுத்துப் படித்துவிடுவார்.

ரெஜினா 'சோளக் குருத்து ஆடு' என்று தட்டினாள். முதல் பக்கத்தில் அவர் எழுத்து இல்லை. இரண்டாவதில் இல்லை. ஐந்தாவதிலும் இல்லை.

"அந்தப் பொன்னுத்துரை ஏதோ சூனியம் வச்சிருக்கான் டீச்சர்."

"அது யாரு?"

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். பொன்னுத்துரை பக்கத்து ஊர் ஆட்டுக்காரர். ஆடு வளர்ப்போர் கூட்டத்தில் சுடலையாண்டி சொன்ன இதே குருத்து விஷயத்தை, அடுத்த கூட்டத்தில் தான் கண்டுபிடித்ததுபோலப் பேசிச் சால்வை வாங்கிக்கொண்டார். எட்டு வருஷமாகிறது. சால்வையின் கரை நிறம்கூட சுடலையாண்டிக்கு மறக்கவில்லை.

"அவரும் வலைப்பூ எழுதுறாரா?"

"அவனா? அவனுக்குப் போனை எடுத்து அலோ சொல்லத்தான் தெரியும்."

"பின்ன எப்படி உங்களை மறைப்பாரு?"

"அது தெரியாமத்தானே உங்ககிட்ட வந்தேன். தலைப்பை மாத்தணுமா? படம் போடணுமா? சீக்கிரம் சொல்லுங்க டீச்சர், மண்ணு ஈரமாக் கிடக்கு."

ரெஜினா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"அவர் பேரைத் தட்டுங்க."

"அவன் பேரை நான் எதுக்கு..."

"தட்டுங்க அண்ணாச்சி."

ஒற்றை விரலால் தட்டினார். பிழையில்லாமல் விழுந்தது.

முதலில் வந்தது சுடலையாண்டியின் வலைப்பூ. இரண்டாவதும் அவருடையதுதான். ஏழாவது வரைக்கும் அவரேதான்.

"வந்துட்டேன் டீச்சர்! முன்னால வந்துட்டேன்!"

ரெஜினா, அவர் குருத்தைப் பற்றி எழுதியிருந்ததைத் திறந்தாள். எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று கம்ப்யூட்டரையே எண்ணச் சொன்னாள். பொன்னுத்துரை, முப்பத்தெட்டு. குருத்து, இரண்டு.

"ஆடு விழுந்து கிடக்கும்போது அந்தப் பொண்ணு யார் பேரைத் தேடியிருப்பா அண்ணாச்சி?"

சுடலையாண்டி திரையில் அந்த முப்பத்தெட்டை விரலால் தொட்டார்.

"இதெல்லாத்தையும் அழிச்சா, அவன் எனக்குச் செஞ்சது ஒருத்தருக்கும் தெரியாமப் போயிருமே டீச்சர்."

"ஆமா அண்ணாச்சி. குருத்து தெரியும்."