மாவுக்கடைக்கு வயர் உரித்த கதை

எங்கள் ஊரில் மின்னல் எலக்ட்ரிக்கல்ஸைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். கடையில் மூன்று பேர். தலைவர் தவசிமுத்து. யோசிக்காமல் எதையும் கெடுக்கமாட்டார். அடுத்தவர் லூர்து, தர்க்கத்தில் புலி. மூன்றாமவர் இசக்கிப்பாண்டி, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். உலகத்தில் பாதி ஆபத்து இப்படிப்பட்டவர்களால்தான் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

மூவரும் அதுவரை வயரைப் பல்லால் கடித்துத்தான் உரித்துவந்தார்கள். இசக்கிக்கு முன்பல் ஒன்று அதிலேயே போயிற்று. போன இடத்தில் வயர் கச்சிதமாக உட்காருகிறது என்று அவருக்குப் பெருமை வேறு.

செண்பகவடிவு புதிதாக மாவு அரைக்கும் கடை திறக்க இருந்தாள். பழைய மாவுக்கடையில் கிரைண்டரைக் கழுவுவதே இல்லை என்று தெருப் பெண்கள் நொந்துபோயிருந்தார்கள். இவள் சுத்தமாக அரைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். முதல் நாள் இலவசம் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கேட்கவேண்டுமா? மறுநாள் காலைக்காகத் தெருவே அரிசி ஊறப்போட்டுவிட்டது. நல்ல நேரத்தில் கிரைண்டர் ஓடாவிட்டால் அத்தனை அரிசியும் புளித்துப்போகும். அவள் பேரும் கூடவே புளித்துப்போகும்.

அங்கே வயரிங் வேலைக்கு வந்த மூவரும் பைப்புக்குள் வயரை ஓட்டி முடித்ததும், இசக்கி வாயைத் திறந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இது மாவு அரைக்கிற இடம். வயர்ல ஒருத்தரும் பல்லை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன். தோல் உரிக்கதுக்குன்னே கருவி இருக்குல்லா, போய் வாங்கிட்டு வாங்க."

பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் கேட்டார், "வயர் என்ன சைஸ்?"

தெரியவில்லை.

"அப்ப வயரைக் கொண்டாங்க. அளவு பாத்துக் கருவி தாரேன்."

திரும்பி வந்தார்கள். "ஒரு துண்டு வெட்டிட்டுப் போனாப் போதாதா?" என்றார் இசக்கி.

"வெட்டக் கருவி வேணும்லா," என்றார் லூர்து. "கருவி வாங்கத்தான வயரைக் கொண்டு போறோம்?"

ஓட்டிய வயர் முழுவதையும் உருவினார்கள். உருவ வராத இடத்தில் பைப்போடு கழற்றினார்கள். ஒருவர் பின் ஒருவராக அதைத் தோளில் சுமந்து பஜார் வழியே போனபோது, பின்னால் ஒரு பஸ் பொறுமையாக வந்தது.

பாய் எத்தனையோ வாடிக்கையாளரைப் பார்த்தவர். வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கருவியை எடுத்துவைத்தார். அதன் வாயில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன.

"ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சைஸ். வயர் எதுல சரியா உக்காருதோ அதுல வச்சு, அமுக்கி, தோலை மட்டும் இழுங்க. செம்புல கீறல் விழக் கூடாது. மெயினை ஆஃப் பண்ணிக்கோங்க, வேலை முடியுற வரைக்கும் போடாதிய. முக்கியமா, முதல்ல மிச்ச வயர் ஏதாவது இருந்தா அதுல உரிச்சுப் பழகிட்டு, அப்புறம் வேலையை ஆரம்பிங்க."

வரும் வழியெல்லாம் தவசிமுத்து யோசித்துக்கொண்டே வந்தார். "ஏலே லூர்து, மிச்ச வயர் நம்மகிட்ட இருக்கா?"

"எப்படி இருக்கும்? வேலை முடிஞ்சாத்தான மிச்சம்னு ஒண்ணு வரும்."

"அப்ப என்ன செய்ய?"

"வேலையை முடிப்போம். மிச்சம் வரும். அதுல பழகுவோம். அப்புறம் வேலையை ஆரம்பிப்போம்."

தவசிமுத்து அவரைப் பெருமையோடு பார்த்தார். தனக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரே ஓட்டையைப் பயன்படுத்தினால் மற்ற ஓட்டைகள் துருப்பிடிக்கும் என்று தவசிமுத்து அஞ்சியதால் எல்லாவற்றிலும் முறைவைத்து உரித்தார்கள். சின்ன ஓட்டையில் வயரே துண்டானது. பெரிய ஓட்டையில் வயர் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஏதோ ஒன்றில் தோல் அழகாகக் கழன்று வந்தது. எது என்று பார்ப்பதற்குள் அடுத்த ஓட்டையின் முறை வந்துவிட்டது.

"கீறல் விழுந்துட்டு," என்பார் இசக்கி. வெட்டிப் போடுவார்கள். மறுபடியும் கீறல், மறுபடியும் வெட்டு. வயர் கரையக் கரைய, கடைசியில் மெயின் போர்டுக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவு இடைவெளி விழுந்தது.

"வெட்டினதை எல்லாம் முறுக்கிச் சேத்து டேப் சுத்திருவோம்," என்றார் லூர்து. "கீறல் டேப்புக்குள்ள போயிரும். பாய் பாத்தாக்கூடத் தெரியாது."

இசக்கியின் அத்தை பூ கட்டுகிறவள். அந்தக் கை இவருக்கும் இருந்தது. கிடந்த துண்டையெல்லாம் எடுத்துத் தொடுத்து, முழம் முழமாக நீட்டி, சுவரில் அடித்து முடித்தார்கள்.

பொழுது விடிந்தது. பெண்கள் வாளியும் சட்டியுமாக வந்து நின்றார்கள். செண்பகவடிவு சாமி கும்பிட்டு, கிரைண்டரில் முதல் அரிசியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"மெயின் போடலியா?"

"வேலை முடிஞ்சாத்தான போடணும்," என்றார் தவசிமுத்து.

"முடியலியா?"

"அதான் பாக்கோம். கிரைண்டர் ஓடுனா முடிஞ்சிட்டுன்னு அர்த்தம்."

"ஓடலையே," என்றார் இசக்கி வருத்தமாக. "அப்ப முடியலை."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிழவி தன் வாளியை மோந்து பார்த்தாள். அதற்குமேல் செண்பகவடிவால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் மெயினைத் தானே போட்டாள்.

கிரைண்டர் சுற்றியது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது, அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். செண்பகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

லூர்து மட்டும் தரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, வேலை முடிஞ்சிருந்தா மிச்ச வயர் இருக்கணுமே. எங்க?"

தவசிமுத்துவின் முகம் மாறியது. தேடினார்கள். மிச்சம் இல்லை.

"மிச்சம் இல்லைன்னா வேலை முடியலை. முடியலைன்னா மெயின் போடக் கூடாது," என்றார் லூர்து. இசக்கி சொன்னபடி செய்கிறவர், தெரியுமல்லவா? மெயினை ஆஃப் செய்தார். அரைபட்டதும் படாததுமாக அரிசி நின்றது.

"உங்களுக்கு மிச்ச வயர்தான வேணும்?" என்று செண்பகவடிவு குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். துடைப்பத்தால் கிளறினாள். விரல் நீளத்தில் ஒரு துண்டு கிடந்தது. "இந்தாங்க. இப்பவாவது மெயினைப் போட்டுத் தொலைங்க."

மூவர் முகமும் மலர்ந்தது. தவசிமுத்து அந்தத் துண்டைப் பயபக்தியோடு வாங்கி, கருவியின் ஓட்டையில் வைத்து, அமுக்கி இழுத்தார். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. செம்பில் ஒரு கீறல் இல்லை.

"பாய் சொன்ன மாதிரியே பழகியாச்சு," என்றார் அவர். "ஏலே இசக்கி, போட்டதை எல்லாம் உருவு. வேலையை ஆரம்பிக்கலாம்."

"மெயின்?" என்றார் இசக்கி, ஏணியில் ஏறி வயரைப் பிடித்தபடி.

"ஆஃப்லதான் இருக்கு. எல்லாம் முறைப்படி நடக்குது, இழு."

தொடுத்த சரம் முழுசாகக் கையோடு வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட செண்பகவடிவிடம் லூர்து குனிந்து ஆறுதலாகச் சொன்னார்.

"கவலைப்படாதிய அக்கா. நேத்து மாதிரி இல்லை. இது சோதிச்ச கருவி."