சாவி பிடித்த கை

குரு என்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது, கொண்டைதான். டாக்டர் ஜெசிந்தா, மூளை அறுவை நிபுணர். சீடர் டாக்டர் தணிகாசலம் அவரைவிட வயதில் மூத்தவர். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்வதில் சொந்த ஊரில் இவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. திறக்காமலே வலிப்பைச் சரிசெய்யும் புது முறையைக் கற்க, தலை நரைத்த பிறகு இந்த அம்மாளிடம் வந்து சேர்ந்தார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

ஆனால் வந்த மனுஷர் சும்மா இருந்தாரா என்ன?

"பென்சில் முனை அளவு ஓட்டை. அதுக்குள்ள நூல் மாதிரி ஒரு குழாய். எங்க போகணும்னு கம்ப்யூட்டர் சொல்லுது. சூடு வைக்கிறது லேசர். நான் பெடலை மிதிக்கணும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் பழகின கை மேடம் இது. இதுக்கு இங்க என்ன வேலை?"

"இருக்கு சார். சொல்றேன்."

"எப்போ?"

"வரும்போது."

செங்கோட்டையிலிருந்து செண்பகவடிவு வந்தாள். முப்பது தாண்டியவள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வலிப்பு. முதலில் கடுகு கருகுகிற வாசனை வரும், பிறகு நினைவு போய்விடும். எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூளையின் ஆழத்தில், பாதாம்பருப்பு அளவு இடத்தில் கோளாறு என்று ஸ்கேன் காட்டியது.

"சரியானா என்னம்மா செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார் தணிகாசலம். வேலை, கல்யாணம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார்.

"தாழ் போட்டுக் குளிக்கணும் டாக்டர்."

"என்னது?"

"வீட்டுல குளியலறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அம்மா கழட்டிட்டா. உள்ள விழுந்துட்டா யாரு தூக்குவான்னு பயம். வெளிய நின்னுக்கிட்டு 'வடிவு, வடிவு'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பா. நான் 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே குளிக்கணும். எனக்கு என்ன, கைப்பிள்ளை வயசா?"

பக்கத்தில் நின்ற அம்மா மாடத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஏனோ வரவில்லை.

ஆபரேஷன் அன்று காலை ஒரு சிக்கல்.

ஆபரேஷன் அறை முழுக்கக் காந்தம். ஸ்கேன் ஓட ஓடத்தான் லேசர் வைக்க வேண்டும், ஒரு குண்டூசிகூட உள்ளே போகக் கூடாது. வடிவு தோட்டைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள். வலது கையை மட்டும் விரிக்க மாட்டேன் என்றாள். உள்ளே ஒரு பழைய இரும்புச் சாவி. எந்தப் பூட்டுக்கு உரியது என்று அவளுக்கே தெரியாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்களே, அந்தச் சாவிதான். கடுகு வாசனை வந்தாலே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லம்மா," என்றார் தணிகாசலம்.

"இருக்கட்டும் டாக்டர். இது இல்லாம நான் உள்ள வரமாட்டேன்." விரல்களை இன்னும் இறுக்கினாள்.

அவர் குருவின் காதருகே குனிந்தார். "இங்கயே மயக்க மருந்து கொடுத்துடலாம் மேடம். கை தானா விரிஞ்சிடும்."

ஜெசிந்தா வடிவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"என்கிட்ட குடு. நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் பிடிச்சுக்கிட்டிருக்கேன். கீழ வைக்கமாட்டேன்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஜெசிந்தா சாவியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

வடிவை உள்ளே கொண்டுபோனதும் தணிகாசலம் சொன்னார்: "அதை மேஜை மேல வச்சிட்டு வாங்க மேடம், கை கழுவலாம்."

"நான் எப்படி வர்றது? வாக்குக் குடுத்திருக்கேனே. நீங்க பண்ணுங்க."

"நானா? தனியாவா? ஒரு துருப்பிடிச்ச சாவிக்காகவா?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன். போங்க சார், புள்ள காத்துக்கிட்டிருக்கு."

போனார். வேறு வழி? ஓட்டை போட்டார். குழாயை இறக்கினார். ஸ்கேன் பார்த்தால், குறி இம்மி பிசகவில்லை. வெளியே வந்து திரையின் முன்னால் உட்கார்ந்து பெடலை மிதித்தார். பாதாம்பருப்பைச் சுற்றி நிறம் மாறிக்கொண்டே வந்தது. விளிம்பை ஒட்டிப் பார்வை நரம்பின் பாதை ஓடியது; அதில் சூடு பட்டால் பார்வை போய்விடும்.

"இன்னும் கொஞ்சம் சூடு வைக்கட்டுமா மேடம்?"

ஜெசிந்தா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. மூடிய கை மடியிலேயே இருந்தது.

தணிகாசலம் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

"அப்பாடா!" என்றார் ஜெசிந்தா. "நானே அந்த இடத்துலதான் எடுத்திருப்பேன்."

ஒரே ஒரு தையல். வடிவு கண் விழித்ததும், "சாவி?" என்றாள். ஜெசிந்தா கையை விரித்தார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்திருந்தது. மறுநாள் காலை வடிவு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். மண்டையைத் திறந்தே பழகிய தணிகாசலம் வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்.

"மாத்திரையை நிறுத்தாதே. நாங்க சொல்ற வரைக்கும் தாழும் போடாதே," என்று சொல்லி அனுப்பினார் ஜெசிந்தா.

ஒரு வருஷம் போனது. ராத்திரி ரயில் ஏறி, காலையில் புழுதியும் அலுப்புமாக அம்மாவும் மகளும் வந்து இறங்கினார்கள். ஒரு வலிப்பு இல்லை. கடுகு வாசனை, அடுப்பில் கடுகு கருகினால்தான். தணிகாசலம் புது ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் ஜெசிந்தா. "நீங்க பண்ணதுதானே. நீங்களே சொல்லுங்க."

தணிகாசலம் ஸ்கேனைக் கீழே வைத்தார். "அந்த ரூம்ல வெந்நீர் வருதும்மா. போய்க் குளி. தாழ் போட்டுக்க."

வடிவு எழுந்தாள். குளியலறை வரை போனவள் திரும்பி வந்து, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருங்க டாக்டர்."

கதவு மூடியது. டக்கென்று தாழ் விழுந்தது.

மாடத்தி பழக்கத்தில் கதவருகே ஓடினாள். "ஏட்டி வடிவு!"

"போம்மா அங்கிட்டு! குளிக்க விடு!"

மாடத்தி தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். உள்ளே வாளி நிரம்பி வழிந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் விழுந்தது. நடுவில் பாட்டு வேறு. ஊரே கேட்கிற பாட்டு! அவள் வெளியே வருகிற வழியாக இல்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சார், கையெழுத்து ஒண்ணு..."

"இரும்மா," என்றார் தணிகாசலம். வலது கையை மூடியபடி கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

ஜெசிந்தா அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"கைக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களே சார்?"

தணிகாசலம் கையை விரிக்கவில்லை.